நாற்பதாம் கோடு

ஆற்றைப் பார்த்துவிட்டு வருவதற்குச் சம்பளம் என்றால் யாருக்கும் சிரிப்பு வரும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அளவுக்காரம்மாவுக்கே சிரிப்பாகத்தான் இருந்தது. காலை ஏழு மணிக்குப் பாலத்தின் நடுத்தூண் வரைக்கும் போக வேண்டும். இரும்பு ஏணியில் இறங்க வேண்டும். தண்ணீருக்குள் நட்டிருக்கும் கறுப்பு வெள்ளைக் கம்பத்தில் தண்ணீர் எந்தக் கோட்டைத் தொடுகிறது என்று பார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். விரல் அகலத்துக்கு ஒரு கோடு, மொத்தம் இருநூறு கோடு. அவ்வளவுதான் வேலை. ஆனால் மழை, காய்ச்சல், வீட்டில் கல்யாணம் எதற்கும் விடுப்பு கிடையாது. பத்தொன்பது வருஷத்தில் அவள் இந்த ஊரை விட்டு வெளியே போய்த் தங்கியதே இல்லை.

அவள் ஒருத்தி பார்த்தால் போதாது. ஆறு இரண்டு அரசாங்கத்துக்குப் பொது. அணை மேல்கரைக்காரர்கள் கையில் இருந்தது. திறந்துவிட்டால் தண்ணீர் பாலத்துக்கு வந்துசேர ஒன்றரை நாள் ஆகும். கீழ்கரைக்காரர்கள் கையில் வயல் இருந்தது. அதனால் மேல்கரைக்கு ஓர் அளவுக்காரர், கீழ்கரைக்கு ஓர் அளவுக்காரர். பாலத்தின் நடுவில் மஞ்சள் கோடு போட்ட இடத்தில் இருவரும் சந்தித்து, சேர்ந்து இறங்கி, சேர்ந்து பார்த்து, ஒரே பதிவேட்டில் ஒரே எண்ணை எழுதி இரண்டு கையெழுத்துப் போட வேண்டும். எண் ஒத்துவரவில்லை என்றால் இரண்டையும் எழுதிக் கூட்டுக் குழுவுக்கு அனுப்ப வேண்டும். குழு மூன்று மாதத்துக்கு ஒரு முறை கூடும். அதற்குள் ஆறு தன்பாட்டுக்கு ஏறி இறங்கிப் போயிருக்கும்.

வேலைக்கு வந்த முதல் மாதமே இருவரும் ஒரு விரலுக்காகச் சண்டை போட்டார்கள். தண்ணீர் ஆடும் பொருள். காற்றடித்தால் ஒரு கோடு ஏறும், இறங்கும். அவள் அறுபது என்றாள், அவர் அறுபத்தொன்று என்றார். இரண்டு எண்ணும் போயின. இரண்டு பக்கத்திலிருந்தும் ஜீப் ஜீப்பாக அதிகாரிகள் வந்து இறங்கினார்கள். கடைசியில் இரண்டு பேருக்கும் நல்ல திட்டு விழுந்தது. அன்றைக்குத்தான் மேல்கரையார் ஒரு யோசனை சொன்னார்.

"இத பாரு தங்கச்சி. ஒரு விரலுக்காக ரெண்டு பேர் பொழப்பும் போகணுமா. ஒரு நாள் உன் கண்ணு, ஒரு நாள் என் கண்ணு. முறை வெச்சுக்குவோம். யார் முறையோ அவங்க சொல்றதுதான் எண்ணு. மத்தவங்க வாயத் திறக்கக் கூடாது."

அன்று தொடங்கியது. அதற்கப்புறம் ஒரு தகராறு கிடையாது. பதினாலு வருஷம் ஒரு தகராறும் இல்லாமல் அளந்ததற்காக இரண்டு அரசாங்கமும் சேர்ந்து கண்ணாடிச் சட்டம் போட்ட பாராட்டுப் பத்திரம் கொடுத்தன. அவள் வீட்டில் அது அரிசி டிரம்முக்கு மேலே, சுவரில் ஈரம் பூத்திருந்த இடத்தை மறைத்துத் தொங்கியது. முறை வைத்த விஷயம் அவர்கள் இருவரைத் தவிர ஒரு ஈ காக்கைக்கும் தெரியாது.

தண்ணீர் நிறைய இருந்த வரைக்கும் ஒரு விரல் என்பது ஒன்றுமே இல்லை. நூற்று முப்பதுக்கும் நூற்று முப்பத்தொன்றுக்கும் யார் அழப் போகிறார்கள். ஆனால் காலம் மாறிவிட்டது. நாலு மாதம் நிதானமாகப் பெய்துகொண்டிருந்த மழை இப்போது வருஷத்துக்கு இரண்டு நாள் வந்து எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கொட்டிவிட்டுப் போகிறது. நாலு வருஷத்துக்கு முன்னால் கம்பம் முழுகிப் பாலத்தின் கைப்பிடி வரைக்கும் தண்ணீர் வந்தது. அதே கம்பம் இப்போது மணலில் நடுவிரல் போல நிற்கிறது. முன்பு ஏணியில் மூன்றாம் படியில் நின்று பார்த்தவர்கள் இப்போது இருபத்துமூன்று படியும் இறங்கி, மணலில் நடந்துபோய், குனிந்து பார்க்கிறார்கள்.

ஒப்பந்தத்தில் ஒரு விதி உண்டு. தண்ணீர் நாற்பதாம் கோட்டுக்குக் கீழே தொடர்ந்து ஏழு நாள் நின்றால் மேல்கரைக்காரர்கள் மதகைத் திறந்து ஐந்து நாள் தண்ணீர் விட வேண்டும். இடையில் ஒரு நாள் நாற்பதைத் தொட்டாலும் கணக்கு முதலிலிருந்து ஆரம்பிக்கும். கீழ்கரையில் இப்போது சின்னப் பிள்ளைகூட அந்த விதியை ஒப்பிக்கும். ஆறு நாள் முப்பத்தொன்பது என்று பதிவாகியிருந்தது. அன்று ஏழாம் நாள்.

அவள் எழுந்தபோது வீட்டுக்காரர் படுக்கையில் இல்லை. கொல்லைக் கதவு திறந்து கிடந்தது. நாற்றங்கால் வரப்பில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். எட்டுப் பாத்தி. முளைத்துப் பன்னிரண்டு நாள் ஆன நாற்று. எட்டும் நடவுக்குப் போனால்தான் அந்த வீட்டுக்கு அந்த வருஷம் சோறு. கிணறு போன வருஷமே உப்புக் கரித்துவிட்டது. ஆறு இளைத்ததும் கடல் பூமிக்கடியில் இவ்வளவு தூரம் நடந்து வந்துவிட்டதாகச் சொன்னார்கள்.

"தூங்கலையா?"

"தூங்கி என்ன பண்ண. இங்க பாரு." ஒரு நாற்றைப் பிடுங்கினார். இழுக்காமலே வந்துவிட்டது. வேரிலிருந்து மண் புழுதியாக உதிர்ந்தது.

"நுனிதாங்க கருகியிருக்கு. அடி பச்சையாத்தான இருக்கு."

"அதான் சொல்றேன். நீ இன்னிக்கு எழுதிட்டு வந்தின்னா சாயங்காலம் மதகு திறப்பாங்க. நாளன்னிக்கு விடியறப்ப நம்ம வாய்க்கால்ல தண்ணி. அதுவரைக்கும் தாங்கும். அதுக்கு மேல ஒரு நாள் ரெண்டு நாள் இழுக்கும். அப்புறம் மாட்டுக்குக் கூட ஆகாது."

நாத்தனார் இரண்டு கிண்ணத்தில் கஞ்சியும் ஒரு வெங்காயமும் கொண்டுவந்து வரப்பில் வைத்தாள். புருஷன் போன பிறகு அண்ணன் வீட்டோடு வந்துவிட்டவள். வாய் கொஞ்சம் நீளம், மனசு அதைவிட நீளம்.

"அண்ணி, இன்னிக்கு கண்ணுல விளக்கெண்ணெய ஊத்திக்கிட்டுப் பாருங்க. ஊரே உங்க கண்ணத்தான் நம்பியிருக்கு. தெருவுல நாலு பேரு என்னையப் பாத்து, உங்க அண்ணிக்குக் கண்ணு நல்லாத் தெரியுமில்லன்னு கேக்கறாங்க. எங்க அண்ணனையே தேடிக் கண்டுபிடிச்ச கண்ணு, வேற என்ன அத்தாட்சி வேணும்னேன்."

வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. அளவுக்காரம்மா கஞ்சியைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள். சொல்லாமல் போகலாம். பத்தொன்பது வருஷம் சொல்லாமல்தான் இருந்தாள். ஆனால் அன்று வரப்பில் கிடந்த அந்த ஒற்றை நாற்றின் மேல் கண் போனது.

"இன்னிக்கு என் முறை இல்லங்க."

"என்ன முறை?"

சொன்னாள். ஒரு நாள் அவள் கண், ஒரு நாள் அவர் கண். சொல்லச் சொல்லத் தனக்கே எவ்வளவு பைத்தியக்காரத்தனம் என்று தெரிந்தது. வீட்டுக்காரர் வெங்காயத்தைக் கடித்தவர் மெல்லாமல் நிறுத்திவிட்டார்.

"பத்தொம்பது வருஷமா ஒரு நாள் விட்டு ஒரு நாள் நீ ஆத்தப் பாக்கவே இல்ல?"

"பாத்தேன். சொல்லல."

"அவன் இன்னிக்கு நாப்பதுன்னு சொன்னா?"

"நாப்பதுன்னுதான் எழுதணும்."

"எழுதுவியா?"

அவள் கிண்ணத்தை நாத்தனார் கையில் கொடுத்துவிட்டுப் பதிவேட்டுப் பையை எடுத்துக்கொண்டாள். பின்னால் வீட்டுக்காரர் குரல் வந்தது. கோபக் குரல் இல்லை, களைத்த குரல். அதுதான் அவளை அதிகம் வதைத்தது.

"அந்தக் கண்ணாடிச் சட்டம் எதுக்குக் குடுத்தாங்கன்னு இப்பத்தான் தெரியுது."

பாலத்துக்குப் போகும் வழியில் அவளுக்கு நாலாம் நாள் ஞாபகம் வந்தது. ஞாபகம் வந்தது என்று சொல்வதுகூடத் தப்பு, மூன்று நாளாக அது போகவே இல்லை. நாலாம் நாள் அவள் முறை. மேலே எங்கேயோ ஒரு சின்னத் தூறல் விழுந்திருக்க வேண்டும். தண்ணீர் நாற்பதாம் கோட்டைத் தொட்டுக்கொண்டு நின்றது. காற்று இல்லை, அலை இல்லை, சந்தேகத்துக்கு இடமே இல்லை. அன்று காலையில்தான் முதல் பாத்தியில் விரிசல் கண்டிருந்தது. நாற்பது என்று கண் பார்த்தது. முப்பத்தொன்பது என்று வாய் சொன்னது. மேல்கரையார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே தலையாட்டிக் கையெழுத்துப் போட்டார். வயசாகிவிட்டது, அவருக்குச் சரியாகத் தெரியவில்லை என்று அவள் தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள்.

மேல்கரையார் முன்னாடியே வந்திருந்தார். சைக்கிளைக் கைப்பிடிச் சுவரில் சாய்த்துவிட்டு மஞ்சள் கோட்டின் மேலேயே நின்றுகொண்டிருந்தார். தினமும் இறங்குவதற்கு முன்னால் பிளாஸ்க்கைத் திறந்து மூடியில் அவளுக்கு டீ ஊற்றிக் கொடுத்துவிட்டு, தான் பிளாஸ்க்கோடு குடிப்பார். அன்று பிளாஸ்க் சைக்கிள் கூடையிலேயே கிடந்தது.

"வா தங்கச்சி."

"முழங்கால் எப்படியிருக்கு அண்ணே?"

"இருக்கு. அது எங்க போகப்போகுது. ரிட்டயராக இன்னும் எட்டு மாசம், அதத் தள்ளிட்டா இந்த ஏணிக்கு ஒரு கும்புடு."

இறங்கினார்கள். இருபத்துமூன்று படி. அவர் ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து இறங்கினார். அவள் கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டாள். மணல் அந்த நேரத்துக்கே சுடத் தொடங்கியிருந்தது. கம்பத்தைச் சுற்றி முட்டளவு தண்ணீர் ஒரு சந்து மாதிரி ஓடியது. இருவரும் குந்தி உட்கார்ந்தார்கள்.

நாற்பதாம் கோட்டின் மேல் ஒரு நத்தை ஒட்டிக் காய்ந்திருந்தது. தண்ணீர் அதற்கு ஒரு விரல் கீழே நின்றது. காற்று வந்தபோது ஒரு சின்ன அலை ஏறி, நத்தையைத் தொடாமல் இறங்கிப் போனது. மேல்கரையார் வெகுநேரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"நாப்பது," என்றார்.

அவள் பதிவேட்டைத் திறக்கவில்லை.

"அண்ணே, அந்த நத்தையப் பாருங்க. காஞ்சு கருவாடாக் கெடக்கு."

"நத்தையப் பாக்கறதுக்கு நமக்கு யாரும் சம்பளம் தரல. இன்னிக்கு என் முறை."

"உங்க முறைதான். நான் இல்லேங்கல."

"அப்ப எழுது."

அவள் எழுதவில்லை. அவரும் கையை நீட்டிப் பிடுங்கவில்லை. ஓர் ஆள் போகிற சைக்கிள் சத்தம் தலைக்கு மேலே பாலத்தில் கேட்டு ஓய்ந்தது.

"எட்டுப் பாத்தி நாத்து அண்ணே. இன்னிக்கு எழுதலேன்னா போச்சு. திரும்ப ஒண்ணுலேர்ந்து எண்ணிக்கிட்டிருந்தா வெதைச்சதுக்கு அடையாளமே இருக்காது. எங்க வீட்டுக்காரர் வரப்புலயே படுத்துக்கிடக்கறார்."

"எனக்குத் தெரியாதா?" அவர் மணலில் விரலால் கோடு கிழித்தார். "என் பொண்ணு அணைக்குப் பக்கத்து ஊர்லதான் வாக்கப்பட்டிருக்கா. ஒம்போது நாளைக்கு ஒரு தடவை குழாய்ல தண்ணி. கைக்கொழந்தை வேற. கொழந்தையக் குளிப்பாட்டின தண்ணியில துணி அலசி, அதையே எடுத்துக் கக்கூஸ்ல ஊத்தறா. அணையில அடிச்சேறு தெரியுதும்மா. அஞ்சு நாள் திறந்துவிட்டா ஒம்போது நாள் பன்னெண்டு நாளாகும். நேத்து போன்ல அழுதா. அப்பா, உங்க கையிலதான இருக்கு, ஒரு கோடுதானங்கறா."

"எங்க வீட்லயும் அதையேதான் சொல்றாங்க. ஒரு கோடுதானேன்னு."

இந்தப் பக்கத்துத் தாகத்தையும் அந்தப் பக்கத்துத் தாகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எது பெரியது என்று எந்தக் கம்பமும் சொல்லாது. அவளுக்கு அவர் மேல் கோபம் வரவேண்டும்போல் இருந்தது, வரவில்லை. வந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

"சரி அண்ணே. ஆனா இது நாப்பது இல்ல. உங்களுக்கும் தெரியும்."

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

"நாலாம் நாள் நான் ஏதாவது சொன்னேனா?"

பதிவேடு மடியிலிருந்து நழுவி மணலில் விழுந்தது.

"கண்ணாடி போட்டவனெல்லாம் குருடன் இல்ல தங்கச்சி. அன்னிக்கு நாப்பது. சுத்தமா நாப்பது. நீ முப்பத்தொம்பதுன்னே. உன் முறை. வாயத் திறக்கக் கூடாதுன்னு சட்டம் போட்டவனே நான்தான். கையெழுத்துப் போட்டேன். வீட்டுக்குப் போயி அன்னிக்குச் சோறு எறங்கல எனக்கு."

"ஏன் அண்ணே சொல்லல?"

"எப்படிச் சொல்றது. பத்தொம்பது வருஷத்துல நீ சொன்ன முதல் பொய். உன் மூஞ்சியப் பாத்தேன். பாத்துட்டு எப்படிச் சொல்றது."

அவள் அழுதுவிட்டாள். சத்தமில்லாத அழுகை. அவர் எதிர்ப்பக்கம் திரும்பி ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அவளைத் திட்டியிருந்தால் அவள் தாங்கியிருப்பாள். மூன்று நாளாக அவள் பொய்யைத் தன் தலையில் தூக்கிக்கொண்டு அவர் சைக்கிள் மிதித்திருக்கிறார் என்பதைத்தான் தாங்க முடியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து முந்தானையில் முகத்தைத் துடைத்தாள். பதிவேட்டை எடுத்து மணலைத் தட்டினாள்.

"அண்ணே, முதல் பக்கத்துல என்னமோ போட்டிருக்குமே. திருத்தம்னு."

அவர் படிக்காமலே சொன்னார். "திருத்தம் இருந்தா செவப்பு மையில, காரணம் எழுதி, ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும்."

"நாலாம் நாள நாப்பதுன்னு திருத்துவோம். இன்னிக்கு முப்பத்தொம்பது எழுதுவோம். அப்ப அஞ்சு, ஆறு, ஏழு, மூணு நாள் கணக்கு. இன்னும் நாலு நாள் பாக்கணும். அதுக்குள்ள ஆறு நாப்பதத் தொட்டா எங்க தலையெழுத்து. தொடலேன்னா உங்க பொண்ணு தலையெழுத்து. ஆனா ஆறு சொல்லட்டும். நாம சொல்ல வேண்டாம்."

மேல்கரையார் சிரித்தார். சிரிப்பில் பல் தெரிந்ததே தவிரச் சந்தோஷம் தெரியவில்லை.

"திருத்தினா ஏன்னு கேப்பாங்க. ஏன்னு சொன்னா முறை வெச்ச கதை வெளிய வரும். நாம ரெண்டு பேரும் தலையில துண்டப் போட்டுக்கிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். எனக்கு எட்டு மாசம் இருக்கு தங்கச்சி."

"தெரியும் அண்ணே. உங்களுக்கு வேண்டாம்னா நாப்பதுன்னே எழுதறேன். உங்க முறை. ஒரு வார்த்தை பேசாம கையெழுத்துப் போடறேன். நீங்க போட்ட மாதிரியே."

அவர் அந்த நத்தையையே பார்த்துக்கொண்டிருந்தார். வெயில் ஏறிக் கம்பத்தின் நிழல் சுருங்கியது. கடைசியில் கையை நீட்டினார்.

"செவப்புப் பேனாவ எடு."

அரசாங்கம் கொடுத்த சிவப்புப் பேனா பதிவேட்டின் முதுகில் நூலால் கட்டியிருந்தது. பத்தொன்பது வருஷமாக யாரும் அதைத் திறந்ததில்லை. எழுதிப் பார்த்தாள், எழுதவில்லை. அவர் வாங்கி இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து உருட்டிச் சூடாக்கினார். முனையில் ஊதினார். மறுபடி உருட்டினார். மூன்றாம் தடவை ஒரு சிவப்புக் கோடு வந்தது. காரணம் என்ற இடத்தில் அவள் எழுதினாள்: பார்த்தது நாற்பது, எழுதியது முப்பத்தொன்பது. இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். ஏணியில் ஏறும்போது அவர் ஏழாம் படியில் நின்று மூச்சு வாங்கினார்.

"இனிமே முறை கெடையாது. ஆளுக்கொரு துண்டுச் சீட்டுல எழுதிக்கிட்டு அப்புறம் பிரிச்சுப் பாப்போம்," என்றார்.

அதற்கப்புறம்தான் பிளாஸ்க்கைத் திறந்தார். டீ ஆறிப் போயிருந்தது.

வீட்டுக்கு வந்து அவள் எல்லாவற்றையும் சொன்னாள். நாலாம் நாளையும் சேர்த்துச் சொன்னாள். வீட்டுக்காரர் மண்வெட்டிக் காம்பைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"பொய் சொன்னியே, அத அப்படியே விட்டிருக்கக் கூடாதா?" என்றார். அப்புறம் தானே, "இல்ல, விட முடியாது," என்றார். அப்புறம் மறுபடி, "நாலு நாள். திறந்தப்புறம் வந்துசேர ஒன்றரை நாள். யாரு தாங்கறது," என்றார்.

லாரித் தண்ணீர் வீட்டுக்கு ஆறு குடம் வரும், நாலு நாளைக்கு ஒரு தடவை. ஆற்று மணலில் ஆளுயரம் தோண்டினால் ஒரு மணி நேரத்துக்கு ஒரு குடம் ஊறும். இரண்டையும் சேர்த்தாலும் எட்டுப் பாத்திக்குப் போதாது. தரையில் குச்சியால் போட்டுப் பார்த்தார், வாயால் போட்டுப் பார்த்தார். எப்படிப் போட்டாலும் மூன்று பாத்திக்கு மேல் தேறவில்லை.

"எந்த மூணுன்னு நீயே சொல்லு," என்றார். "அளக்கறது உன் வேலைதான."

குத்திக்காட்டிச் சொன்னாரா, உண்மையாகவே முடியாமல் சொன்னாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. பாத்தி பாத்தியாக நடந்து பார்த்தாள். குனிந்து அடியைக் கிள்ளிப் பார்த்தாள். மேற்கு ஓரத்தில் வேலிநிழல் விழும் மூன்று பாத்தியில் கொஞ்சம் பச்சை மிச்சம் இருந்தது. கையைக் காட்டினாள். வீட்டுக்காரர் மற்ற ஐந்துக்கும் தண்ணீர் போகும் வாய்களை மண்ணை வெட்டிப் போட்டு அடைத்தார். ஐந்தாவதை அடைத்துவிட்டு அதன் கரையிலேயே கொஞ்ச நேரம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

நாலு நாளும் அந்த வீட்டில் யாரும் குளிக்கவில்லை. நாத்தனார் தன் பங்குக் குடிதண்ணீரையும் கொண்டுவந்து பாத்தியில் தெளித்தாள். தெளித்துக்கொண்டே, "பொறந்த வீட்டுச் சீர் இதுதான், வாங்கிக்க," என்று நாற்றோடு பேசினாள். விடிந்ததும் மணல் ஊற்றுக்குக் குடம் எடுத்துப் போவதும், ஏழு மணிக்குப் பாலத்துக்குப் போவதும், வந்து மறுபடி குடம் தூக்குவதுமாக அளவுக்காரம்மாவுக்கு இடுப்பே இல்லாமல் போய்விட்டது. தெருவில் பேச்சு மாறியிருந்தது. நல்ல நேரத்தில் யோக்கியம் வந்துவிட்டது பார் என்று ஒருத்தி காது கேட்கவே சொன்னாள். நாத்தனார் அவளைச் சும்மா விடவில்லை, அது வேறு கதை.

எட்டாம் நாள் இரண்டு சீட்டிலும் முப்பத்தொன்பது. ஒன்பதாம் நாள் அவள் முப்பத்தொன்பது, அவர் முப்பத்தெட்டு. இரண்டும் நாற்பதுக்குக் கீழேதான், என்றாலும் இருவரும் மறுபடி குந்தி உட்கார்ந்து கால் மணி நேரம் பார்த்து முப்பத்தெட்டு என்று ஒத்துக்கொண்டார்கள். பத்தாம் நாள் வானம் கறுத்தது. வீட்டுக்காரர் வாழ்க்கையிலேயே முதல் முறையாக மழை வரக் கூடாதே என்று வானத்தைப் பார்த்துப் பயந்தார். மேலே பெய்து ஆறு இரண்டு விரல் ஏறினால் கணக்கு போச்சு, அந்த இரண்டு விரல் தண்ணீர் வாய்க்காலுக்கும் ஏறாது. மேகம் ஊரைத் தாண்டிக் கடலுக்குப் போய்விட்டது.

பதினோராம் நாள் சீட்டை மடித்து அவள் அவரிடம் நீட்டினாள். அவர் தன் சீட்டை நீட்டினார். முப்பத்தெட்டு. முப்பத்தெட்டு. அவர் போனை எடுத்து அதிகாரிக்கு எண்ணைச் சொன்னார். ஏழு நாள் முடிந்தது என்றும் சொன்னார். குரலில் ஒரு பிசிறு இல்லை. போனை வைத்துவிட்டு ரொம்ப நேரம் ஏணியின் அடிப்படியில் உட்கார்ந்திருந்தார். அவள் பக்கத்து மணலில் உட்கார்ந்திருந்தாள். நன்றி என்று சொன்னால் அவரை அடித்த மாதிரி இருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் மதகு திறந்தார்கள், மறுநாள் போய் அடுத்த நாள் விடியற்காலையில் வாய்க்காலில் தண்ணீர் வந்தது. முதலில் நுரையும் சருகும் செத்த தவளையுமாகத் தள்ளிக்கொண்டு வந்து, அப்புறம் தெளிந்தது. வீட்டுக்காரர் மூன்று பாத்தியின் வாயையும் திறந்துவிட்டார். கொஞ்சம் யோசித்து, செத்துப்போன ஐந்தின் வாயையும் வெட்டித் திறந்துவிட்டார். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. எட்டிலும் தண்ணீர் ஏறியது. மூன்று பிழைத்தது. அரை வருஷச் சோறு என்று நாத்தனார் சொன்னாள். அரைவயிறு என்று வீட்டுக்காரர் சொன்னார். அன்று ராத்திரி அவர் வீட்டுக்குள் வந்து படுத்தார்.

தண்ணீரோடு கடிதமும் வந்தது. இரண்டு பக்கத்து அளவுக்காரர்களும் விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம். பாராட்டுப் பத்திரத்தைத் திருப்பித் தர வேண்டும். அதைச் சுவரிலிருந்து கழற்றியபோது ஈரம் பூத்த இடம் காய்ந்து வெறும் கறையாக இருந்தது. நாலே நாளில் இரண்டு பேர் ஜீப்பில் வந்து கம்பத்தின் தலையில் ஒரு பெட்டியைப் பொருத்திவிட்டுப் போனார்கள். பெட்டியில் ஒரு பச்சை விளக்கு விட்டு விட்டு எரிந்தது. அது ஆற்றை ராப்பகலாகப் பார்க்கும், யாருக்கும் முறை விடாது என்றார்கள்.

வேலை போன முதல் வாரம் காலை ஏழு மணி ஆனதும் அவளுக்குக் கை கால் ஓடவில்லை. பெருக்கிய இடத்தையே பெருக்கினாள். எட்டாம் நாள் கால் தானாகப் பாலத்துக்குப் போய்விட்டது. மேல்கரையார் சைக்கிளோடு மஞ்சள் கோட்டில் நின்றுகொண்டிருந்தார்.

"தினமுமா வரீங்க?"

"வேற எங்க போறது. வீட்ல இருந்தா அவளுக்குத் தொந்தரவு, எனக்கும் தொந்தரவு."

"பொண்ணு எப்படி இருக்கா அண்ணே?"

"பன்னெண்டு நாளைக்கு ஒரு தடவை வருதாம். என்கிட்ட பேசல. அவங்கம்மாகிட்டத்தான் சொன்னாளாம்." கைப்பிடிச் சுவரில் இரண்டு கையையும் ஊன்றிக் குனிந்து பார்த்தார். "பேசுவா. கொழந்தைக்குப் பல் மொளைச்சா பேசாம இருக்க முடியாது."

அவளும் பக்கத்தில் நின்று குனிந்து பார்த்தாள். ஐந்து நாள் தண்ணீரின் மிச்சம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. நத்தை இருந்த கோடு முழுகிவிட்டது. பெட்டியின் பச்சை விளக்கு எரிந்தது, அணைந்தது, எரிந்தது.

"நாப்பத்தாறு," என்றார் அவர்.

"நாப்பத்தஞ்சு அண்ணே."

"நாப்பத்தாறு. நல்லாப் பாரு."

"நல்லாத்தான் பாக்கறேன். நீங்க கண்ணாடியத் தொடைங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். மறுபடி குனிந்தார்.

"நாப்பத்தாறு."

"நாப்பத்தஞ்சு."

பிளாஸ்க்கைத் திறந்து மூடியில் அவளுக்கு டீ ஊற்றிக் கொடுத்தார். அவள் வாங்கிக் குடித்தாள். குடித்துவிட்டு மறுபடியும் நாற்பத்தைந்து என்றாள். எழுத யாரிடமும் பதிவேடு இல்லை. வெயில் முதுகைச் சுடும் வரைக்கும் இருவரும் அங்கேயே நின்று, ஒரு விரலுக்காக விட்டுக்கொடுக்காமல் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.